சான்றிதழை மறைக்க வேண்டாம்: பார்வை குறைந்துவரும் மகனின் தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் மகனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதையும், மேலே படிக்கவைப்பதா, உறவினர் கடையில் கல்லாவில் உட்காரவைப்பதா என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் எழுதியிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், மகளுக்கு வரும் வரன் தட்டிப்போகும் என்ற அச்சமே உங்கள் கடிதம் முழுவதும் இருந்தது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், மறைப்பதால் இழக்கப்போவது அவனுடைய எதிர்காலம் என்பதால், என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

இந்த நோயில் முதலில் இருட்டில் பார்வை மங்கும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். கரும்பலகையை இன்றைக்கு அவன் படித்துவிடுவதால் சான்றிதழ் கிடைக்காது என்று நினைக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்தைப் படிக்கும் திறனோடு பார்வைப் புலத்தின், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் காணும் பரப்பின், அகலத்தையும் கணக்கில் கொள்கிறது. அது 40 பாகைக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 பாகைக்குக் கீழே போனால் பார்வையின்மை. ஆகவே பார்வைப் புலச் சோதனை அறிக்கையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சான்றளிக்கப்பட்டால், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காடு இடஒதுக்கீடும், அரசுப் பணியில் உள்ள 4 விழுக்காட்டில் பார்வைக் குறைபாட்டுக்கென ஒரு விழுக்காடும் அவனுக்குத் திறக்கும். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. பார்வை மெல்ல மெல்லக் குறையக்கூடிய ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

பார்வையில்லாதவருக்கு என்ன வேலை கிடைத்துவிடும் என்று கேட்பவர்களிடம் சென்னையில் பிறந்த பெனோ ஜெபைனைப் பற்றிச் சொல்லுங்கள். பிறவியிலேயே பார்வையற்ற அவர், ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்து, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சிறுவயதில் பார்வையை இழந்த பிராஞ்சல் பாட்டீலுக்கு, குடிமைப்பணித் தேர்வில் வென்ற பின்னரும் முழுப் பார்வையின்மையைக் காரணம் காட்டி ரயில்வே கணக்குப் பணி மறுக்கப்பட்டது. அவர் மீண்டும் எழுதி 124ஆம் இடம் பெற்று ஐ.ஏ.எஸ். ஆனார். எல்லோரும் அந்த உயரத்தை எட்ட வேண்டும் என்பதில்லை. ஆனால் திறமை இருந்தும் கதவு மூடப்படுவது உண்டு, சான்றும் சட்டமும் கையில் இருப்பவரால் அதை மறுபடி தட்ட முடியும் என்பதை அவன் இப்போதே அறிந்திருப்பது நல்லது. பார்வைக் குறைபாட்டைக் காரணமாக வைத்து நீதித்துறைப் பணியிலிருந்து ஒருவரை விலக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அவன் விரும்பும் கணினி அறிவியல் பிரிவையே எடுக்கட்டும். ஓட்டுநர், காவல்துறைக் களப்பணி போன்றவை பொருந்தா. நிரல் எழுதுவது, வங்கி, சட்டம், ஆசிரியப் பணி எல்லாம் பொருந்தும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், கண் தெரியும் இந்தக் காலத்திலேயே அதைப் பழகினால் பின்னாளில் தடுமாற்றம் குறையும். வெள்ளைக் கோலுடன் நடக்கும் பயிற்சியும் அப்படித்தான். முழுக் குணம் தருவதாகச் சொல்லி எண்ணெயும் லேகியமும் விற்பவர்களிடம் படிப்புக்கான பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மகளின் திருமணத்தைப் பற்றி: இது யாருடைய சாபமும் இல்லை, மரபணுவில் நேரும் மாற்றம். சொந்தத்தில் மணம் முடிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் மரபணு ஆலோசகரைச் சந்தியுங்கள். பின்னால் தெரியவந்து உண்டாகும் மனக்கசப்பைவிட, பெண் பார்க்க வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மகளுக்கும் பாதுகாப்பு.

பார்வைப் புல அறிக்கை வந்ததும் அதன் நகலுடன் மகனையும் என்னிடம் அழைத்து வாருங்கள். உங்கள் கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. பாடப்பிரிவை உறுதி செய்வதற்கு முன் அதை அவன் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.