முதலில் காது, அப்புறம் காவிரி

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. மாலை ஆறரைக்கு டிவியைப் போட்டால், சீரியல்கள், பிக் பாஸ் எல்லாம் முடிந்துதான் அணைப்பார். சத்தம் கீழே வாசல்வரை கேட்கும். காவிரிப் பிரச்சினை கிளம்பினால் என் கணவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, “தமிழ் சேனலே வேண்டாம்” என்கிறார். 1991 கலவரத்தின்போது ஸ்ரீராமபுரத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். போன வாரம் மேல்வீட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுவில், “ராத்திரி பதினொரு மணிக்கு என்ன சத்தம்? இது கர்நாடகம், தமிழ்நாடு இல்லை” என்று போட்டுவிட்டார். மாமியாரோ, “ஐம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், யாருக்கு பயம்?” என்று இன்னும் கூட்டி வைக்கிறார். உண்மையைச் சொன்னால், டிவி நின்றால் எனக்கும் நிம்மதிதான். நான் யார் பக்கம் நிற்பது? - பெயர் வேண்டாம்

பதில்: “உண்மையைச் சொன்னால்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். வேலை முடிந்து வந்தவருக்கு யார் வீட்டுச் சண்டையையோ நாலு மணி நேரம் கேட்கப் பிடிக்காதது குற்றமில்லை. ஆனால் அதைச் சொல்வதற்குக் காவிரியைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். “அத்தை, தலை வலிக்குது, கொஞ்சம் குறைங்க” என்றால் குறைப்பார், இல்லையென்றால் முறைப்பார். “தமிழ் கேட்டால் அடிக்க வருவார்கள்” என்றால் கண்டிப்பாகக் கூட்டுவார். கூட்டிக்கொண்டுதானே இருக்கிறார்.

அதற்கும் முன்னால் அவர் காதைக் கவனியுங்கள். வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உச்ச ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை பிரியாது. சீரியலிலோ மருமகள் காபி ஆற்றினால்கூடப் பின்னால் இடி முழங்குகிறது. அதற்கு நடுவே வசனம் எங்கே பிரியும்? போனில் “என்ன? என்ன?” என்று கேட்கிறாரா, பாருங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். வலியே இருக்காது. நீங்கள் வீம்பு என்று நினைப்பதில் பாதி செவிக்குறைவாக இருக்கலாம்.

உங்கள் கணவரின் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் அரசிதழில் வந்ததும் அந்த ஊரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். பந்த் அன்று ஜன்னலைச் சாத்துவதும், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை உள்ளே நிறுத்துவதும் புத்திசாலித்தனம். அந்த நாட்களில் கேபிள்காரர் தமிழ் சேனல்களை நிறுத்தினால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவருக்கும் ஒயரும் ஆபீசும் பத்திரமாக இருக்க வேண்டும். மாமியாருக்குப் போனில் போட்டுக் கொடுங்கள். மற்ற நாட்களிலும் அதே ஜன்னல் சாத்தியே இருக்க வேண்டுமா என்பதைத்தான் கணவர் யோசிக்க வேண்டும். உங்கள் பெங்களூரு அல்சூரில் 1991-ல் திறக்க முடியாமல் 18 வருடம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. அந்த வள்ளுவர் சிலைத் திறப்பும் அவர் வளர்ந்த ஊரில் நடந்ததுதான்.

மேல்வீட்டுக்காரர் போட்டது இரண்டு விஷயம். சத்தம் பற்றிச் சொன்னது நியாயம். சட்டப்படியே இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இரவு நேரம். பிக் பாஸ் பத்தைத் தாண்டித்தான் முடிகிறது. மாநிலம் பற்றிச் சொன்னது வம்பு. முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதுவும் குழுவில் வேண்டாம். குழுவில் ஒரு வரி போட்டால் நாற்பது வரி வரும், நடுவில் ஒரு தம்ஸ் அப்பும் வரும்!

நேரில் போங்கள். மாமியாரையே கூட்டிப்போங்கள், ஐம்பது வருடக் கன்னடம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும். “சத்தம் அதிகம்தான், இனி குறைச்சுக்கறோம்” என்று அவர் வாயால் வரட்டும். அந்த வீட்டிலும் சீரியல் பார்க்கும் அம்மா ஒருவர் இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பாண்டியன் ஸ்டோர்ஸ் கன்னடத்தில் வரலட்சுமி ஸ்டோர்ஸ் ஆனது. சரவணன் மீனாட்சியில் நடித்து, 2022-ல் தமிழ் பிக் பாஸுக்குள் போன ரச்சிதா பெங்களூருப் பெண். கன்னட பிக் பாஸில் சுதீப் திட்டுவது சரியா, தமிழில் விஜய் சேதுபதி திட்டுவது சரியா என்று ஆரம்பித்தால் காபி வந்துவிடும்.

வராமலும் போகலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேசாமல் திரும்பி வாருங்கள். சத்தம் குறைந்த பிறகும் மொழியை வைத்தே சீண்டினால் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். மிரட்டல் என்றால் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு 112-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். பத்து மணிக்கு மேல் ஹெட்போன். காதுக்குள் திணிக்கும் வகை வேண்டாம், காதை முழுதாக மூடும் பெரிய வகையாக வாங்குங்கள். அளவோடு வைக்கப் பழக்குங்கள். ஏழிலிருந்து எட்டுவரை டிவி கிடையாது என்றும் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், கணவரை அனுப்பாதீர்கள்.