பங்குக் கடைக்குச் சம்மதிக்க முதல்

தம்பி, படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள், ஊர்க்காரர் ஒருவர் லண்டன் ஈஸ்ட்ஹாமில் பலசரக்குக் கடைக்குப் பாதிப் பங்கு போடக் கூப்பிடுகிறார். கடையா, சாப்பாட்டுக் கடையா, டெலிவரியா, எது லாபம்? தனி ஆளாகவா, பங்காகவா, கொம்பனியாகவா பதிவது? இதுதான் உங்கள் கேள்வி. எந்தத் தொழில் ஓடும் என்பது தெருவையும் உங்கள் உடம்பையும் பொறுத்தது; அதை விடுங்கள். பங்கைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

இங்கே இரண்டு பேர் லாபத்துக்காகச் சேர்ந்து கடை நடத்தத் தொடங்கினாலே அது பார்ட்னர்ஷிப்தான். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டுப் பார்ட்னர்ஷிப் சட்டம் பேசும். நீங்கள் 40,000 பவுண்டும் அவர் 10,000 பவுண்டும் போட்டிருந்தாலும் லாபம் சரிபாதி. கடைப் பெயரில் அவர் கடனுக்குச் சரக்கு எடுத்தால் அது உங்கள் கடனும்தான். முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

தொண்ணூறுகளில் நான் வந்த புதிதில் இரவு பெற்றோல் ஷெட், பகல் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடை. முதலாளிமார் இருவரும் ஒரே ஊர். "எங்களுக்குள்ள என்ன எழுத்து" என்று தொடங்கியவர்கள். கணக்கு முழுக்க ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில். பாதிப் பக்கங்களில் "மிச்சம் பிறகு" என்று மட்டும் இருக்கும். ஒருவர் கடைப் பெயரில் அரிசியும் ஐஸ் மீனும் கடனுக்கு எடுத்து வெளியே விற்றுவிட்டு கனடாவுக்குப் போய்விட்டார். பில்லோடு வந்தவர்களுக்கு மற்ற முதலாளி தன் மனைவியின் நகையை விற்று, பிறகு வீட்டையும் விற்றுக் கட்டினார். அந்த நிலையிலும் என் சம்பளப் பாக்கியைத் தந்த மனிதர்.

லிமிட்டட் கொம்பனி போட்டால் கடன் கொம்பனியோடு நிற்கும், நீங்கள் தப்பலாம் என்பார்கள். பாதி உண்மை. கடைக்கு லீஸ் எழுதும்போதும் வங்கியில் கடன் எடுக்கும்போதும் டைரக்டரிடம் சொந்தப் பிணை கேட்பார்கள். அதில் கையெழுத்து வைத்தால் அந்தக் கடனுக்கு நீங்களே பொறுப்பு. வக்கீலுக்குக் காட்டாமல் வைக்காதீர்கள்.

எனக்குப் பற்றி எரிவது இன்னொன்று. நம்மவர்களிலேயே சிலர் புதிதாக வந்த பிள்ளைகளிடம் "பெயருக்கு டைரக்டராக இரு" என்கிறார்கள். பெயருக்கு என்று ஒரு டைரக்டர் சட்டத்தில் கிடையாது. கொம்பனியில் முறைகேடு நடந்தால் 15 வருடம் வரை எந்தக் கொம்பனிக்கும் டைரக்டராக இருக்க முடியாமல் தடை விழலாம். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்குச் சொந்தத் தொழிலே கூடாது. அவர்களை இதில் இழுக்காதீர்கள்.

தனி ஆளாகச் சின்னதாகத் தொடங்குங்கள். கடன் உங்கள் தலையில்தான், ஆனால் நீங்கள் எடுத்த கடன் மட்டும். பில்லைச் சேர்த்து வைத்து, ஜனவரி 31-க்குள் வரிக் கணக்கைக் கொடுங்கள். நான் மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கு எழுதப் படித்தவன். இன்றும் என் கடையின் வாட் (விற்பனை மீதான வரி) கணக்கை நானே பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

எனக்குக் கடையை விற்றவர் 1972-இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து துரத்திய குஜராத்திக்காரர். பிள்ளைகள் மருந்தாளராகவும் கணக்காளராகவும் போய்விட்டார்கள், கடையில் நிற்க ஆள் இல்லை. விலை பேசும் முன்பே லீஸையும் வாட் கணக்கையும் மேசையில் பரப்பிவிட்டு, "முதலில் இதை வாசி, பிறகு சரக்கைப் பார்" என்றார். சாவி தந்த பிறகும் சில கிழமை கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தப் பால்காரன் கணக்கில் குறைப்பான் என்று கூடச் சொல்லித் தந்தார். உங்கள் ஊர்க்காரரிடமும் லீஸையும் வாட் கணக்கையும் கேளுங்கள். காட்டினால் மேலே பேசலாம்.