பசிபிக் போரில் ஜப்பான் தோற்றது மிட்வேயிலா, அணுகுண்டாலா?

கேள்வி கேட்டவர் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். இரண்டு விடை (இரண்டாம் உலகப் போரின் மிட்வே தீவுக் கடற்சண்டை, அணுகுண்டு) கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லும் பழக்கம் அங்கேதான் வரும். என் விடை மூன்றாவது: எண்ணெய்க் கப்பல். 22 வருடம் டேங்கர்களில் இன்ஜினியராக இருந்தவன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள்.

1941-ல் ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த ஜூலையில் ஜப்பான் படைகள் தெற்கு இந்தோசீனாவுக்குள் போனதும் அமெரிக்கா குழாயை மூடிவிட்டது. பக்கத்தில், இன்றைய இந்தோனேசியாவில், டச்சுக்காரர்கள் கையில் பாலெம்பாங், பாலிக்பாப்பான் எண்ணெய் இருந்தது. அதை எடுக்கப் போகும்போது அமெரிக்கக் கடற்படை குறுக்கே வரக்கூடாது. டிசம்பர் 7, ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மேல் தாக்குதல் அதற்காகத்தான். போர்க்கப்பல்களை அடித்தார்கள், ஆனால் கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைத் தொடவில்லை. சுமார் 45 லட்சம் பீப்பாய் அப்படியே நின்றது. நீர்மூழ்கித் தளமும் தப்பியது. என்னைக் கேட்டால் முதல் நாளே கோட்டை விட்டது அங்கேதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் பாலெம்பாங்கும் விழுந்தன. கிணறு கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குத் தண்ணீர் வர வாளியும் கயிறும் வேண்டுமே? சிங்கப்பூரிலிருந்து யோகோஹாமா ஏறக்குறைய 2,900 கடல் மைல். இன்றைய டேங்கருக்கே ஒன்பது பத்து நாள்.

எரிபொருள் இல்லாத கப்பல் எப்படி இருக்கும் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை மணிலா வளைகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். பங்கருக்கு, அதாவது கப்பல் எரிபொருளுக்கு, யார் பணம் கட்டுவது என்று கம்பெனிக்கும் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் தகராறு. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.) முதலில் ஏசி போனது. ஒரே ஒரு ஜெனரேட்டர். நான்காம் நாள்தான் உண்மையான வலி தெரிந்தது. எங்கள் கப்பலில் மெயின் இன்ஜின் சூட்டில்தான் கடல்நீரை நல்ல தண்ணீராக்குவோம். இன்ஜின் நின்றால் தண்ணீரும் நின்றது. ஆளுக்கு ஒரு வாளி. காலையும் மாலையும் தொட்டியை அளந்து, மிச்சம் இத்தனை டன் என்று சீஃப் இன்ஜினியரிடம் சொல்வது என் வேலை. அவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார். பதினோராம் நாள் பங்கர் படகு வந்தபோது சமையல்காரர் அழுதேவிட்டார். அத்தனைக்கும் எங்களை யாரும் சுடவில்லை.

இப்போது 1944-க்கு வாருங்கள். தாய்நாட்டில் எண்ணெய் இல்லாததால் ஜப்பானின் பெரிய போர்க்கப்பல்கள் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் லிங்கா என்ற இடத்தில் போய்க் குடியிருந்தன. விமானந்தாங்கிகளோ புது விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானில் நின்றன. கை ஓர் ஊரில், கால் ஓர் ஊரில். அந்த நிலையில்தான் அக்டோபரில் பிலிப்பைன்ஸ் பக்கம் லெய்ட்டே கடற்சண்டைக்குப் போனார்கள்.

எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்து ஜப்பானை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அமெரிக்க நீர்மூழ்கிகள். அவர்களும் தொடக்கத்தில் நாறித்தான் போனார்கள். அவர்களுடைய மார்க் 14 டார்ப்பிடோ (தண்ணீருக்கடியில் ஓடிப் போய்க் கப்பலில் முட்டி வெடிக்கும் குண்டு) குறித்ததைவிட ஆழமாகப் போகும், இல்லையென்றால் சீக்கிரமே வெடிக்கும், இல்லையென்றால் முட்டியும் வெடிக்காது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, தோனான் மாரு 3 என்ற பெரிய எண்ணெய்க் கப்பல் மேல் 15 டார்ப்பிடோ விட்டது. பெரும்பாலானவை மோதிவிட்டுச் சும்மா இருந்தன. கடைசி ஒன்றைச் சுடாமல், சோதித்துப் பார்க்கச் சொல்லித் திரும்பக் கொண்டு வந்தார் கேப்டன். பட்டறை ஆட்களுக்கு அந்தக் கோபம் புரியும். அந்த வருடக் கடைசிக்குள் கோளாறைச் சரிசெய்தார்கள், அப்புறம் ஓட்டம்தான். அமெரிக்கக் கடற்படை ஆட்களில் இரண்டு சதவீதம்கூட இல்லாதவர்கள், ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கும் மேல் மூழ்கடித்தார்கள். 52 நீர்மூழ்கிகளை இழந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1945 மார்ச்சுக்குப் பிறகு தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றது. பைன் மர வேரைத் தோண்டிக் காய்ச்சி எண்ணெய் எடுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

மிட்வேயைக் குறைத்துப் பேசவில்லை. 1942 ஜூனில் நான்கு விமானந்தாங்கிகள் போனது சின்ன அடியா? ஆனால் அதற்குப் பிறகும் மூன்று வருடம் போர் நடந்ததே. அணுகுண்டு இல்லையென்றால் எப்போது சரணடைந்திருக்கும் என்பதில் படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள், சோவியத் படையெடுப்பு வேறு இருக்கிறது. ஜெயித்திருக்குமா என்றால், வழியே இல்லை.

ஜப்பானுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பிடித்துப் போய்ச் சாகடித்த சயாம்-பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், எதற்குப் போட்டது? பர்மாவுக்குக் கடல் வழி பத்திரமில்லை என்றுதான். அங்கேயும் கப்பல்தான் காரணம்.

ஜப்பானிய வணிக மாலுமிகள் சுமார் 60,000 பேர் செத்தார்கள். விகிதம் பார்த்தால் அவர்களுடைய ராணுவத்தையும் கடற்படையையும் விட அதிகம். இவர்களைப் பற்றி யார் கேட்கிறார்கள்? எங்களையே யாரும் கேட்பதில்லை. கப்பல் என்றதும் சொந்தக்காரர்கள் "துப்பாக்கி குடுத்திருக்காங்களா?" என்பார்கள். கப்பலில் இருக்கும் மாதங்களுக்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். "ஒன்பது மாசம்தானே சம்பளம், மிச்ச மூணு மாசம் தவணை எப்படிக் கட்டுவீங்க?" என்றார் வங்கி மேனேஜர். பிறகு பக்கத்து மேசையில் கடன் கேட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, வருடத்தில் இரண்டு மாதம் மூடிக் கிடக்கும் தொழிலுக்கு, என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். சரி, அது வேறு கதை.

டோக்கியோ விரிகுடாவின் வாயில், யோகோசுகா பக்கம் கன்னோன்சாகி என்ற முனையில் அந்த மாலுமிகளுக்கு 1971-ல் நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அந்த முனையைப் பன்னிரண்டு முறையாவது தாண்டியிருப்பேன். துறைமுகம் நெருங்கினால் நாங்கள் ஸ்டாண்ட்பை, அதாவது இன்ஜின் பக்கத்திலேயே தயாராக நிற்க வேண்டும், எல்லோரும் கீழே இன்ஜின் ரூமில்தான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.