மாஸ்டர் பதில்கள்: தோற்றவனுக்கு எப்படிக் கிண்ணம்?

கேள்வி: மாஸ்டர், அக்காவின் மகன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2024 பருவத்தில் தங்கடை உதைபந்தாட்ட அணிதான் அமெரிக்கச் சாம்பியன் என்று இன்னும் புளுகிக்கொண்டு இருக்கிறான். இரண்டு ஆட்டம் தோற்றதையும் அவனே சொல்கிறான். இங்கே ஒருக்கால் தோற்றால் வீட்டுக்குத்தானே? – இளவாலை வாசகர்

பதில்: தம்பி, மருமகன் சொன்னது உண்மை, பல்கலைக்கழக அணிகளுக்குள் சாம்பியன். ஆனால் அது எங்கடை உதைபந்தாட்டம் இல்லை. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஓடுகிறவனை இடித்து விழுத்துவார்கள். காலுக்கு வேலை இடைக்கிடைதான். பெயர் மட்டும் பழையது. 1869 நவம்பர் 6 இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர்கள் பக்கத்துக்கு 25 பேராக இறங்கி ஆடியபோது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. ஓட்டம் பிறகு வந்து சேர்ந்தது.

இனி உங்கள் கேள்வி. ஒஹாயோ அந்த ஒக்டோபரில் ஒரிகனிடம் 32-31 என்று ஒரு புள்ளியால் தோற்றது. அதைவிடப் பெரிய அடி நவம்பர் 30 இல். எதிரி மிச்சிகன். இரண்டு பேருக்கும் தலைமுறைப் பகை. மிச்சிகன் அந்த நேரம் முதல் 25 அணிகளின் தரவரிசையிலேயே இல்லை. ஆட்டமோ ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் ஒஹாயோவின் சொந்த மைதானத்தில். 13-10, மிச்சிகன் வென்றது, அதுவும் தொடர்ந்து நாலாவது வருடம். வென்றவர்கள் நடு மைதானத்தில் கொடி நாட்டப்போக அடிபாடு, பொலிசார் மிளகுத் தூள் விசிற வேண்டி வந்தது. (எங்கடை பெடியளை மட்டும் குழப்படி என்று சொல்லாதையுங்கோ.) பயிற்றுவிப்பாளர் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிச் சனம் கத்தியது.

அங்கே ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். பருவ ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் நல்ல அணிகளைத் தெரிந்தெடுத்து, தோற்றால் வெளியே என்ற இறுதிச் சுற்றை வைப்பார்கள். முந்திய பத்துப் பருவங்களிலும் அதற்கு நாலு அணிகளைத்தான் எடுத்தார்கள். இரண்டு தோல்வி கண்ட ஒரு அணிகூட அந்த நாலுக்குள் வந்ததில்லை. 2024 இல்தான் முதன்முறை 12 அணிகள். எட்டாவதாக உள்ளே வந்த ஒஹாயோ டென்னசியை 42-17 என்று அடித்தது. அடுத்தது அதே ஒரிகன். அதுவரை ஒரு தோல்வியும் காணாத அணி. ஒரு கட்டத்தில் 34-0, முடிவில் 41-21. பிறகு டெக்சாஸ் 28-14. 2025 ஜனவரி 20 அட்லாண்டாவில் நோட்டர் டேம் 34-23. மொத்தம் 14 வெற்றி, 2 தோல்வி, கிண்ணம்.

எனக்கு இந்த முறையில் ஒரு ஆசை இருக்கிறது, ஏன் என்றும் சொல்கிறேன். ஏ9 பாதை மூடிக்கிடந்த 90களின் தொடக்கத்தில் நான் ஒரு பாடசாலை அணிக்குப் பொறுப்பாசிரியர். ஒரே ஒரு பந்து. தையல் விட்டால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து எடுப்போம். சைக்கிள் பம்பால் காற்று. பயிற்சி ஆட்டம் ஏழும் வென்று, சைக்கிளில் இரண்டிரண்டு பேராக ஏறிப் போட்டிக்குப் போனோம். மாரிமழை விட்ட மறுநாள். இரண்டாம் பாதியில் எங்கடை பெடியன் கோல் காப்பாளரையும் வெட்டிப்போட்டு வெறுங் கோலுக்குப் பந்தை உருட்டினான். கோல் வாசலில் தேங்கின தண்ணிக்குள் பந்து அப்படியே நின்றது! ஓடிப்போய்ச் சேருவதற்குள் அவர்கள் அடித்துத் துரத்திவிட்டார்கள். 1-0, நாங்கள் வெளியே. அந்தப் பருவமே அவ்வளவுதான். எங்களைத் தோற்கடித்தது அந்தக் குட்டைதான் என்று இன்றைக்கும் சாதிப்பேன்.

ஆனால் மருமகனிடம் ஒன்று சொல்லிப் பாருங்கோ. கிண்ணம் உங்களுக்கு, 13-10 எங்களுக்கு என்று மிச்சிகன்காரன் இன்னும் சொல்லிக்காட்டுவான். அயல் ஊரிடம் தோற்றவனுக்கு அது விளங்கும்.

கேள்வி: எங்கள் நாடு உதைபந்தாட்டத்தில் எதையாவது வென்றிருக்கிறதா? – சுன்னாகம் வாசகர்

பதில்: வென்றது. 1995 இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணம். இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்றோம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் எங்கடை பக்கம் வரவில்லை.

கேள்வி: மாஸ்டர் ஐயா, மகன் 16 வயதுக்குட்பட்ட அணியில் கோல் காப்பாளர். இறுதியாட்டத்தில் பெனால்டியைப் பிடிக்கவில்லை, கிண்ணம் போயிற்று. கூட விளையாடுகிறவர்களும் குத்திக் கதைக்கிறார்கள் போல. இரண்டு கிழமையாய் மைதானப் பக்கம் போகிறானில்லை, சரியாய்ச் சாப்பிடுகிறானுமில்லை. – குருநகர்த் தாய்

பதில்: பிள்ளை, கணக்கை அவனுக்குக் காட்டுங்கோ. பந்து 11 மீற்றரில் இருக்கிறது. கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். பலமாய் அடித்த பந்து வந்து சேர அரைச் செக்கன்கூட எடுக்காது. அதுவரை ஒரு காலாவது கோட்டில் நிற்கவும் வேண்டும். பிடிப்பதுதான் அதிசயம். பிடிக்காததற்கு ஒருவரும் கணக்குக் கேட்கக்கூடாது. குத்திக் கதைக்கிறவனை ஒருநாள் கோலுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ.

மேலே இளவாலைத் தம்பிக்குச் சொன்ன கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த விளையாட்டில் கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் மூன்று புள்ளி. மிச்சிகனிடம் மூன்று புள்ளியால் தோற்ற அன்று, ஒஹாயோவின் உதைகாரர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு உதையைத் தவறவிட்டார். ஊர் முழுக்க அவரைத் திட்டியது. அவரை மாற்றவில்லை. ஜனவரி இறுதியாட்டத்தில் 26 செக்கன் மிச்சமிருக்க, 33 யார் (சுமார் 30 மீற்றர்) தூரத்திலிருந்து கடைசி மூன்று புள்ளியை உதைத்தவரும் அவர்தான்.

இதைச் சொல்லிச் சாப்பிட வைக்கப் பார்க்காதையுங்கோ, பசித்தால் சாப்பிடுவான். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துக்கு அனுப்புங்கோ. பந்தும் கையுறையும் என்னிடம் இருக்கு. நான்தான் பெனால்டி அடிப்பேன், வயது அறுபத்தெட்டு, பிடித்துவிடுவான்.