பட்டினி கிடக்காதீர்கள், தம்பி

கேள்வி: எனக்குப் பாம்பன். வயது 27. விசைப்படகில் வேலை. இரண்டு வருடமாக வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. 61 கிலோ இருந்தவன் இப்போது 47. முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. இப்போது மதுரையில் குரோன்ஸ் நோய் என்கிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைக்கிறதாம். ஏப்ரல் 20-ல் ஆபரேஷன். வயிற்றில் மலம் சேரும் பை வைத்துவிடுவார்களோ என்று தூக்கமே வருவதில்லை. படகில் அடிக்கடி ஒதுங்க முடியாது, அதனால் கடலுக்குப் போவதற்கு முந்தைய நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். குடித்துக் கெட்டுப்போனான் என்று ஊரில் பேச்சு. நான் குடிப்பதே இல்லை, பீடி மட்டும்தான். மறுபடி கடலுக்குப் போக முடியுமா அக்கா?

பதில்: தம்பி, உங்களுக்குப் பையை நினைத்துத் தூக்கம் போயிற்று. எனக்கு நீங்கள் பட்டினி கிடப்பதைப் படித்துத் தூக்கம் போயிற்று.

எனக்கும் இதே நோய்தான். 2011-ல் என் குடலில் ஓர் அடிக்கு மேல் எடுத்தார்கள். எனக்கும் முதலில் காசநோய் மாத்திரைதான். குழாய் விட்டுப் பார்த்தாலும், சதை எடுத்துச் சோதித்தாலும் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். போன ஆறு மாதத்தை நினைத்துப் புழுங்க வேண்டாம்.

பை விஷயத்துக்கு வருகிறேன். சுருங்கிய பகுதியை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். உங்களைப் போன்றவர்களில் பலருக்குப் பையே தேவைப்படாது. உடம்பு வற்றி, ரத்தம் குறைந்து, உள்ளே சீழ் கட்டி, ஸ்டீராய்டும் அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தையல் பிடிக்குமா என்று சர்ஜனுக்குச் சந்தேகம் வரும். அப்போதுதான் குடலைச் சில மாதம் வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டு, பிறகு உள்ளே சேர்ப்பார். நீங்கள் எதற்குப் பயந்து சாகிறீர்களோ, அதைப் பட்டினிதான் கிட்டே இழுக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. குறைப்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆபரேஷன் வரை கடலுக்குப் போக வேண்டாம். வீட்டில் இருந்து சாப்பிடுங்கள். குழைந்த சோறு, முட்டை, முள் எடுத்த மீன், காரம் குறைத்த சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்கு நம் கரையில் செய்து கொடுப்பதுதான், உங்களுக்கும் அதே தேவை. மூன்று வேளையாக இல்லாமல் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. நார் உள்ளது எதுவும் சுருங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும், ஆகவே பனங்கிழங்கு, வாழைத்தண்டு, கொத்தவரங்காய் பக்கமே போகாதீர்கள். மருத்துவமனையில் உணவு ஆலோசகரைக் கேட்டால் குடிக்கிற சத்து மாவும் சொல்வார்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் பேதி மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒருவேளை பை வரலாம் என்று சர்ஜன் சொன்னால், அது எங்கே வரும் என்று முன்கூட்டியே வயிற்றில் குறி வைக்கச் சொல்லுங்கள். கைலி கட்டிக்கொண்டு போய், உட்கார்ந்து, குனிந்து காட்டுங்கள். கட்டு உரசாத இடமாகப் பார்த்து வைப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

'பீடி மட்டும்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த நோய்க்குப் பெரிய தீனி. ஆபரேஷன் நோயை அடியோடு எடுப்பதில்லை, அடைப்பைத்தான் எடுக்கிறது. தைத்த இடத்திலேயே நோய் திரும்ப முளைக்கலாம், புகைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். தயவுசெய்து இன்றே விடுங்கள். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் விடுங்கள்.

கடலுக்குப் போகலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். 20-ந் தேதி ஆபரேஷன் என்றால், தடை முடிகிறபோது எட்டு வாரம். வலை இழுக்கவும் ஐஸ் பெட்டி தூக்கவும் பொதுவாக அவ்வளவு நாளாவது பொறுக்கச் சொல்வார்கள். ஆனாலும் முதல் நாள் கடலுக்கு வருகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். சர்ஜன் பார்த்துச் சொல்லட்டும்.

படகு டிரைவரிடம் மட்டுமாவது இப்போதே சொல்லிவிடுங்கள். குடியால் வந்ததில்லை, தொற்றவும் தொற்றாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது என்று சொன்னால் புரியும். ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு, ஒரு வாளி, கொஞ்சம் நல்ல தண்ணீர், இவ்வளவுதான் நீங்கள் கேட்கப்போவது. நான் என் வேலையிடத்தில் மூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன். கழிப்பறைக்கு ஏன் இத்தனை தடவை என்று கேட்பார்களே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தேன். சொன்ன பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

எடுக்கப்போகிற அந்தக் கடைசிப் பகுதிதான் பி12 சத்தை உறிஞ்சுவது. ஊசி தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, வலியே இல்லாவிட்டாலும், மறுபடி குழாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு அது அக்டோபர் வாக்கில் வரும். அன்றைக்கு எவ்வளவு மீன் பட்டாலும் சரி, நீங்கள் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.