வெறும் படம்

கேள்வி: ஷேடோ, டாக் சாவேஜ் என்று அமெரிக்க பல்ப் பத்திரிகைகளில் (மட்டத் தாளில் அச்சான மலிவுக் கதைப் பத்திரிகைகள்) வந்த பழைய ஹீரோக்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? கதையைப் பற்றிச் சொன்னால் போதும். வெறும் படம் போட்டவர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டீர்கள். (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: வெறும் கை, வெறும் வயிறு, வெறும் பயல் வரிசையில் படத்தையும் சேர்த்துவிட்டீர்கள். சரி.

1930இல் ஷேடோதான் வெறும் குரல். ஒரு துப்பறியும் பத்திரிகையின் விளம்பரத்துக்காக ரேடியோவில் பேசிய குரல். ஜனங்களோ கடையில் போய் அந்தப் பத்திரிகையை விட்டுவிட்டு, ‘ஷேடோ புக் இருக்கா?’ என்று கேட்டார்கள். ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கம்பெனி அவசரமாக ஒன்றைத் தயார் செய்தது. எழுத வால்டர் கிப்சன் கிடைத்தார். அட்டைக்கு? பழைய இருப்பைத் துழாவியதில், 1919இல் வேறொரு பத்திரிகைக்குப் போட்ட படம் அகப்பட்டது. ஒரு சீனர், சுவரில் நிழல். கதையில் சீனர் கிடையாது. படத்தையா மாற்றினார்கள்? சீனரைக் கதைக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். கிப்சனும் கொண்டுவந்தார். 1931 ஏப்ரலில் இதழ் வந்தது.

என்னிடம் ஒரு தொடர்கதை எழுத்தாளர், ‘கதாநாயகிக்கு ரெட்டைப் பின்னல்னு நான் எழுதினேனா?’ என்று சண்டைக்கு வந்தார். அடுத்த வாரம் பின்னிவிடுங்கள் என்றேன். அன்றோடு அவருடைய பொங்கல் வாழ்த்து நின்றது.

அந்தச் சீனரை வரைந்தவர் மாடஸ்ட் ஸ்டைன். இளவயதில் அராஜகவாதி, அதாவது அரசாங்கமே கூடாது என்கிற கட்சி; அப்போது பெயர் ஆரன்ஸ்டாம். 1892இல் அவருடைய உறவினர் அலெக்சாண்டர் பெர்க்மன், ஃப்ரிக் என்ற எஃகு முதலாளியைச் சுட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். பாக்கியை முடிக்க நம் ஓவியர் டைனமைட்டோடு பிட்ஸ்பர்க் போனார். அங்கே பேப்பரைப் பார்த்தால் அவர் பெயர்! வெடியை ஒளித்துவிட்டு நியூயார்க்குக்கே ரயிலேறிவிட்டார். அச்சில் தன் பெயரைக் கண்டு ஓடிய ஓவியர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்களுக்கு அந்தப் பயமே வராதபடி நாம் பார்த்துக்கொள்கிறோம். மறுபதிப்பு என்றாலே மூலையில் இருக்கும் கையெழுத்தின் மேல்தான் விலையை அச்சடிக்கிறார்கள்.

டாக் சாவேஜ்? 1964இல் தொடங்கிய மறுபதிப்புகளுக்கு ஜேம்ஸ் பாமா போட்ட அட்டைகளில் அவருடைய சட்டை நார் நாராகத் தொங்கும். எதில் மாட்டிக் கிழிந்தது என்று கதையில் இருக்கும். எனக்குச் சட்டைதான் ஞாபகம் இருக்கிறது.