150 பாயிண்டுக்கு என்ன வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

சில விளையாட்டுகளில் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆயத்த கிளாஸ் எதுவும் கிடையாது. ஆளுக்கு இத்தனை பாயிண்ட் என்று கொடுத்து, விலைப்பட்டியலைப் பார்த்துக் கேரக்டரை நீங்களே கட்டிக்கொள்ளச் சொல்லும் கர்ப்ஸ் (GURPS) போன்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகள் (ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டங்கள்) பற்றி வந்த கேள்விகள் இவை.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் 150 பாயிண்ட் கொடுத்துத்தான் கர்ப்ஸ் தொடங்கினோம். ஒருவருடைய வாள்வீரன் இரண்டே சுற்றில் எதிரிகளை முடித்துவிடுகிறான். வைத்தியர் கேரக்டர் எடுத்தவர் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார். பாயிண்ட் சமம்தானே, எங்கே கோளாறு?
– வாசகர், திருச்சி

150 ரூபாய்க்கு அரிவாளும் வாங்கலாம், அகராதியும் வாங்கலாம். சண்டை வந்தால் இரண்டும் ஒன்றா? பாயிண்ட் என்பது விலை மட்டும்தான்.

முதலில் கடைசி மூன்று அமர்வுகளை நினைத்துப் பாருங்கள். யாருடைய பகடை எத்தனை முறை கதையைத் திருப்பியது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். வாள்வீரனுக்கு முப்பது கோடும் வைத்தியருக்கு மூன்று கோடும் விழுந்தால், விலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். (கேம் மாஸ்டர்) எழுதும் கதையில் நோயாளியே இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, உச்சவரம்பு. கர்ப்ஸில் மூன்று பகடை உருட்டி, ஸ்கில் எண்ணுக்குள் விழ வேண்டும். ஸ்கில் 10 என்றால் 50 சதவீதம், 13 என்றால் 83.8, 16 என்றால் 98.1. அதற்கு மேல் சதவீதம் ஏறாது, ஏனென்றால் 17-ம் 18-ம் எப்போதும் தோல்விதான். அப்புறம் ஏன் ஆட்கள் 21 வரை ஏற்றுகிறார்கள்? கழுத்தைக் குறிவைத்தால் 5 கழியும். 21 இருப்பவருக்குக் கழித்த பிறகும் 16 மிஞ்சுகிறது, அதே 98.1 சதவீதம். வெட்டுக்காயம் மார்பில் ஒன்றரை மடங்கு, கழுத்தில் இரண்டு மடங்கு. உங்கள் 'இரண்டு சுற்று' ரகசியம் பெரும்பாலும் இதுதான். தொடக்கத்தில் ஆயுத ஸ்கில் 16-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சூப்பர்ஹீரோ விளையாட்டான மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மூன்றாம் பதிப்பு இந்த வரம்பை விதியாகவே வைத்திருக்கிறது. பவர் லெவல் (கேரக்டர்களின் வலிமை மட்டம்) 10-க்கு 150 பாயிண்ட். ஆனால் தாக்கும் எண்ணும் சேத எண்ணும் கூட்டினால் 20-ஐத் தாண்டக் கூடாது. குறி தப்பாத ஆள் +12 வைத்துக்கொண்டால் அவன் அடி 8-தான். விலகும் திறனுக்கும் தாங்கும் திறனுக்கும் அதே கணக்கு. பாயிண்ட் மிச்சம் இருந்தாலும் சண்டைக்குள் கொட்ட முடியாது, வேறு எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும். கர்ப்ஸ்காரர்கள் இந்த விதியைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

புத்தியை ஏற்றினால் எல்லா ஸ்கில்லும் தானாக ஏறிவிடுகிறது, தனித்தனி ஸ்கில்லில் பாயிண்ட் போடுவது வீண் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், கோவை

நண்பர் கணக்குப் போட்டிருக்கிறார். நீங்களும் போடுங்கள்.

கர்ப்ஸ் நான்காம் பதிப்பில் (2004) புத்தி ஒரு படி 20 பாயிண்ட். அதோடு மன உறுதி ஒரு படி, கூர்நோக்கு ஒரு படி சேர்ந்தே வரும். தனியாக வாங்கினால் இவை தலா 5. ஆக, புத்திக்கு நீங்கள் நிஜத்தில் கொடுப்பது 10. ஆரம்பப் படிகளைத் தாண்டிவிட்டால் ஒரு ஸ்கில்லை ஒரு படி உயர்த்த 4 பாயிண்ட் ஆகும். மூன்று ஸ்கில் இருந்தால் 12. அதாவது மூன்றாவது ஸ்கில்லிலேயே புத்தி மலிவாகிவிட்டது.

வாள், வில் மாதிரி உடல் ஸ்கில்களை ஏற்றும் லாவகமும் 20-தான். அதோடு வேகம் கால் படி வரும், அதன் விலை 5. மிச்சம் 15, நான்கு ஸ்கில் இருந்தால் லாபம். பலத்தைப் பாருங்கள்: விலை 10. உயிர்ப்புள்ளி 2, தூக்கும் பலம் 3, அடிக்கும் பலம் 5 எனப் பிரித்தால் சரியாக 10, இனாம் எதுவும் இல்லை. முந்தைய பதிப்பில் பலம், லாவகம், புத்தி, உடல்நலம் என்ற நான்கு பண்புகளுக்கும் ஒரே விலை. 13 வரை ஏற்ற 30, 15-க்கு 60, 17-க்கு 100 என்று ஏறுமுகம். நான்காம் பதிப்பில் நேர்க்கோடாக்கி, லாவகத்துக்கும் புத்திக்கும் மற்றதைப்போல இரட்டிப்பு வைத்தார்கள். லாவகத்துக்கு அது ஓரளவு போதும். புத்திக்குப் போதவில்லை என்பது எங்கள் தீர்ப்பு.

ஓர் உதாரணம். இரண்டு பேருக்கும் வாள் 16 வேண்டும், வில், ஏறுதல், பதுங்கல் போன்ற நடுத்தரக் கடின ஸ்கில் பத்து 13-இல் வேண்டும். முதல் ஆள் லாவகத்தை 10-லிருந்து 14 ஆக்குகிறார்: 80. வாளுக்கு (லாவகத்துக்கு இரண்டு படி மேல்) 8, மற்ற பத்துக்கு (ஒரு படி கீழ்) தலா 1. மொத்தம் 98. இரண்டாவது ஆள் லாவகம் 11-இல் நிற்கிறார்: 20. வாளுக்கு (ஐந்து படி மேல்) 20, மற்ற பத்துக்கு (இரண்டு படி மேல்) தலா 8. மொத்தம் 120. அதே தாள், 22 பாயிண்ட் நஷ்டம், அதோடு வேகமும் குறைவு. வாள் மட்டும் போதும் என்றால் கதை தலைகீழ்: முதல் ஆளுக்கு 88, இரண்டாவது ஆளுக்கு 40.

இந்த நோய் கர்ப்ஸுக்கு மட்டும் உரியதல்ல. 1981-இல் வந்த சூப்பர்ஹீரோ விளையாட்டான சாம்பியன்ஸில் பலம் 10 கூட்ட 10 பாயிண்ட். அதனால் தற்காப்பு 2, மீளும் திறன் 2, மயக்கம் தாங்கும் எண் 5 தானாக ஏறும். இவற்றின் கடை விலை 2, 4, 5, கூட்டினால் 11. பத்து ரூபாய் கொடுத்துப் பை வாங்கினால் உள்ளே பதினோரு ரூபாய்! சாம்பியன்ஸின் விதித்தொகுப்பான ஹீரோ சிஸ்டத்தின் ஆறாம் பதிப்பு 2009-இல் வந்துதான் இந்த இணைப்பை அறுத்தது.

வீட்டில் செய்யக்கூடிய வைத்தியமும் அதே அறுவைதான். புத்தி விலை 20-ஆகவே இருக்கட்டும். மன உறுதியும் கூர்நோக்கும் புத்தியோடு ஏறாமல் 10-லிருந்து தனியாகத் தொடங்கட்டும். இப்போது ஐந்து ஸ்கில் இருந்தால்தான் விலை சமமாகும். புத்தி விலையை 30 ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம். எல்லோரும் புத்தி 10-இல் நின்றுவிடுவார்கள். கற்காத விஷயங்களை 5 கழித்து முயலும்போது கையில் 5-தான் இருக்கும், யாரும் எதையும் முயலவே மாட்டார்கள்.

ஒருவர் கடல் பயம், கோபம், கடன், எதிரி என்று குறைகளாக அடுக்கி 60 பாயிண்ட் சேர்த்துவிட்டார். எங்கள் கதை பாலைவனத்தில் நடக்கிறது, ஆட்டத்தில் ஒன்றுமே வெளிப்படவில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பாலைவனக் கதையில் கடல் பயத்துக்கு ஏன் பாயிண்ட் கொடுத்தீர்கள்? 'முடக்காத முடக்கத்துக்குப் பாயிண்ட் இல்லை' என்பது சாம்பியன்ஸ் ஆட்களின் பழைய விதி.

உச்சவரம்பு போடுங்கள். கர்ப்ஸில் தொடக்கப் பாயிண்டில் பாதிதான் வழக்கமான எல்லை. சேவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற விளையாட்டு இன்னும் கறார், மொத்தமே 4. கோபம் மாதிரி அடக்கிக்கொள்ளும் குறைக்கு, அடக்கும் எண்ணைப் பொறுத்து விலை மாறுவதைக் கவனியுங்கள். முன்கோபம் 10 பாயிண்ட், அடக்கும் எண் 12, அதாவது மூன்று பகடை 12-க்குள் விழுந்தால் அடங்குவார். நூற்றுக்கு 74 முறை அடங்கிவிடுவார். எண் 6 எடுத்தால் 20 பாயிண்ட் கிடைக்கும், ஆனால் அடங்குவது 9 முறைதான். கேட்டு வாங்கினால் உருட்ட வையுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜி.எம். தலையில் இத்தனை குறையும் நிற்காது என்றால் ஃபேட் என்ற விளையாட்டின் வழி நல்லது. தொடக்கத்தில் பாயிண்ட் கிடையாது. குறை குறுக்கே வந்து காலை வாரும்போது, பிறகு செலவழிக்கக் கையில் ஒரு ஃபேட் பாயிண்ட். வராத குறைக்குக் கூலி இல்லை.

துணையாளாக ஒரு வீரனை வாங்கலாமா?
– வாசகர், மதுரை

வாங்கலாம், அதுதான் பயம். கர்ப்ஸில் உங்களுக்குச் சமமான 150 பாயிண்ட் ஆள், எப்போதும் கூடவே இருக்க, வெறும் 20 பாயிண்ட். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பக்கம் இன்னொரு முறை கை ஓங்கும். கேரக்டரின் பாயிண்டில் பாதிக்கு மேல் துணையாள் கூடாது என்று எழுதிவையுங்கள்.

தொடக்கத்தில் ஒரு விலை, பிறகு அனுபவப் பாயிண்டில் வேறு விலை. இது நியாயமா?
– வாசகர், சிங்கப்பூர்

இல்லை. 1991-இல் வெளியான வாம்பயர்: தி மாஸ்கரேட் இதற்குப் பாடநூல் உதாரணம். தொடக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே விலை. பிறகு பண்பு ஏற்ற, இப்போதிருக்கும் எண்ணின் நான்கு மடங்கு அனுபவம். ஒவ்வொரு பண்பும் 1-இல் தொடங்கும்; அதற்கு மேல் மூன்று புள்ளி வைத்து ஒருவர் 4, 1, 1 என்று போடுகிறார். இன்னொருவர் 2, 2, 2. இருவருக்கும் இலக்கு 4, 2, 2. முதலாமவர் இரண்டு ஒன்றை இரண்டாக்க 4-ம் 4-ம், மொத்தம் 8. அடுத்தவர் 2-ஐ 4 ஆக்க 8-ம் 12-ம், மொத்தம் 20. சமநிலையாகக் கேரக்டர் எழுதியவருக்கு அபராதம்! இரண்டு இடத்திலும் ஒரே பட்டியலை வையுங்கள், ஏறுமுகமோ நேர்க்கோடோ உங்கள் விருப்பம்.

இவ்வளவு தொல்லைக்கு கிளாஸ் வைத்தே ஆடலாமே?
– வாசகர், சேலம்

தாராளமாக. கணக்கை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான்.

சொந்தமாக விலைப்பட்டியல் எழுதுகிறேன். எப்படிச் சோதிப்பது?
– வாசகர், சென்னை

உங்கள் நண்பர்களில் பேரம் பேசுவதில் மன்னர் யாரோ அவரிடம் பட்டியலைக் கொடுத்து, 'இதை உடைத்துக் காட்டு' என்று சொல்லுங்கள். விதி தெரியாத ஒருவரிடம், பிடித்ததை வாங்கச் சொல்லுங்கள். இரண்டு கேரக்டரையும் பத்து முறை மோதவிடுங்கள், அதே அளவுக்குச் சண்டையில்லாத காரியங்களும் கொடுங்கள். பேரக்காரர் எட்டு முறைக்கு மேல் ஜெயித்தால், அவர் உருவாக்கும் எல்லாக் கேரக்டரிலும் தவறாமல் இருக்கும் பொருள் எது என்று பாருங்கள், அதுதான் மலிவு. யாருமே தொடாத பொருள் விலை அதிகம். ஒரு சுற்றுக்கு ஒரு விலையை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.